அறியா வினா எங்கே போயிற்று? இளங்குழந்தைகளின் கேள்விகளும் வகுப்பறையும்: ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பகுக்கிறது: அறிவு வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தெரிந்த ஒருவர், எதிரில் இருப்பவருக்கு அது தெரியுமா என்று அறியக் கேட்பது அறிவு வினா. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்ற தடுமாற்றத்தில் பிறப்பது ஐய வினா. பள்ளி இலக்கண நூல்கள் முதல் வகைக்கு, ஆசிரியர் மாணவரிடம் செய்யுளின் பொருளைக் கேட்பதை எடுத்துக்காட்டாகத் தருகின்றன. இரண்டாம் வகைக்கு, மாணவர் ஆசிரியரிடம் அதே பொருளைக் கேட்பதைத் தருகின்றன. ஏட்டில் இவ்விரண்டும் சம மதிப்போடு அடுத்தடுத்து நிற்கின்றன. வகுப்பறையில் அந்தச் சமநிலை இல்லை. தொடக்கப் பள்ளியில் ஒரு நாளில் எழும் வினாக்களில் பெரும்பாலானவை ஆசிரியர் கேட்பவை. அவற்றிலும் பெரும்பாலானவை அவருக்கு விடை தெரிந்தவை. வீட்டில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த குழந்தை பள்ளியில் பதில் சொல்லும் குழந்தையாக மாறிவிடுகிறது.

இம்மாற்றத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வயது. மூன்று நான்கு வயதில் ‘ஏன், ஏன்’ என்று கேட்பது ஒரு பருவம்; பருவம் கடந்தால் தானே அடங்கிவிடும் என்று பெற்றோரும் ஆசிரியரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை சரியானதல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். குழந்தையின் கேள்வியைப் பற்றிக் கடந்த நூற்றாண்டில் நடந்த ஆய்வுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு நகர்வு தெரிகிறது. தொடக்கத்தில் கேள்வி, குழந்தையின் மனத்தை அளக்கும் கருவியாகக் கருதப்பட்டது. படிப்படியாக அது, குழந்தைக்கும் எதிரில் இருப்பவருக்கும் இடையே நிகழும் ஒரு செயலாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அந்தப் புரிதலின்படி, ஒரு குழந்தை எத்தனை கேள்வி கேட்கிறது என்பது அதன் அறிவைவிட அதன் சூழலைப் பற்றியே அதிகம் சொல்கிறது. பள்ளியில் அறியா வினா குறைந்ததற்குக் காரணம், அறிவு வினா அந்த இடத்தை நிரப்பிக்கொண்டதுதான்.

சட்டாம்பிள்ளை முறையும் அறிவு வினாவின் ஆட்சியும்

இந்த வரலாற்றின் ஒரு முக்கியக் கண்ணி சென்னையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்தில் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் சிறிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். மூத்த மாணவர் இளையவரை நடத்தும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளில் ஏற்கெனவே இருந்தது. அந்த மூத்த மாணவருக்கு வழங்கிய சட்டாம்பிள்ளை என்ற பெயரே அதற்குச் சான்று. பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக இது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டரும் லண்டனில் ஒத்த முறையை வளர்த்தார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சார்பில் தொடங்கப்பட்ட தேசியக் கல்விச் சங்கம் பெல்லின் முறையை ஏராளமான பள்ளிகளில் நிறுவியது.

சிறு செலவில் பெருந்தொகைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தர இம்முறை உதவியது என்பதை மறுக்க முடியாது. அதே வேளையில், வினா யாருடையது என்பதை அது திட்டவட்டமாக வரையறுத்துவிட்டது. சட்டாம்பிள்ளையாக நிற்கும் சிறுவனுக்கு, தான் மனப்பாடம் செய்த வினாவும் அதற்குரிய ஒரே விடையும் மட்டுமே கையில் இருந்தன. எதிரில் இருக்கும் சிறுவன் வேறொன்றைக் கேட்டால் அதற்குப் பதில் சொல்லும் அறிவோ அதிகாரமோ அவனுக்கு இல்லை. சமய வினாவிடை நூல்களும் இதே வடிவத்தைக் கொண்டவை. அங்கே வினாவும் அச்சில் இருக்கும், விடையும் அச்சில் இருக்கும். 1862இல் இங்கிலாந்தில் பள்ளிகளுக்கான அரசு மானியம் மாணவரின் தேர்வு முடிவோடு பிணைக்கப்பட்டது. சென்னை மாகாணத்திலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிவைப் பொறுத்து மானியம் தரும் முறை வழக்கில் இருந்தது. ஆய்வாளர் வந்து கேட்கும் கேள்விக்குப் பிள்ளை சொல்லும் பதிலில் ஆசிரியரின் வருமானம் அடங்கியிருந்தபோது, பிள்ளை கேட்கும் கேள்வி நேரத்தை வீணாக்குவதாகவே தோன்றியிருக்கும். இன்றைய வகுப்பறையின் வினா முறை தானாக முளைத்ததல்ல. ஒரு குறிப்பிட்ட காலத்தின் செலவுக் கணக்கும் தேர்வு முறையும் சேர்ந்து உருவாக்கியது.

மனத்தின் சாளரமாகக் கேள்வி

பள்ளிக்குள் இப்படி ஒதுக்கப்பட்ட குழந்தையின் கேள்வி, பள்ளிக்கு வெளியேதான் அறிஞரின் கவனத்தைப் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் பிள்ளைகளின் வளர்ச்சியை நாட்குறிப்பாக எழுதும் வழக்கம் ஐரோப்பியக் கல்வியாளரிடையே பரவியிருந்தது. லண்டனைச் சேர்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் சல்லி 1895இல் வெளியிட்ட குழந்தைப் பருவ ஆய்வு நூலில், இத்தகைய குறிப்புகளைத் திரட்டிக் கேள்வி கேட்கும் பருவத்தைத் தனியே விவரித்தார். ஜெர்மனியில் வில்லியம் ஸ்டெர்னும் கிளாரா ஸ்டெர்னும் தம் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்து 1907இல் வெளியிட்ட நூல், இரண்டு வினாப் பருவங்களைப் பிரித்துக் காட்டியது. பொருள்களின் பெயரைக் கேட்பது முதற்பருவம். காரணத்தைக் கேட்பது அதற்குப் பின் வருவது. இவை மதிப்புமிக்க பணிகள். ஆனால் ‘பருவம்’ என்ற சொல்லோடு ஒரு கருத்தும் உள்ளே வந்து அமர்ந்தது. பல் முளைப்பதுபோலக் கேள்வியும் உள்ளிருந்து உரிய காலத்தில் வருவது, உரிய காலத்தில் போவது என்ற எண்ணம் அப்போதே வேரூன்றியது.

அந்த எண்ணத்தை மிக நுட்பமாக வளர்த்தவர் ழான் பியாஜே. ஜெனீவாவில் ரூசோ நிறுவனத்தில் பணியாற்றியபோது, ஆறு வயதைக் கடந்த ஒரு சிறுவன் ஓர் ஆசிரியையோடு பத்து மாதங்களாக நாள்தோறும் நடத்திய உரையாடலில் தானாகக் கேட்ட 1125 கேள்விகளை அவர் பகுத்து ஆராய்ந்தார். 1923இல் வெளிவந்த அவருடைய முதல் உளவியல் நூலில் அந்த ஆய்வு இடம்பெற்றது. சிறுவனின் ‘ஏன்’ என்பதில் காரணமும் நோக்கமும் கலந்து கிடக்கின்றன என்பது அவருடைய முடிவு. ஒரு மலை ஏன் பெரிதாக இருக்கிறது என்று குழந்தை கேட்கும்போது, மலை உருவான விதத்தைக் கேட்பதில்லை. அது யாருக்காக, எதற்காக அப்படி இருக்கிறது என்பதையே கேட்கிறது என்ற முறையில் அவர் விளக்கினார். பெரியவரின் காரண அறிவுக்கு முந்தைய நிலை என்று அதற்குப் பெயரிட்டார். 1125 கேள்விகளையும் ஒன்றுவிடாமல் பொருட்படுத்திப் படித்த அந்த உழைப்புக்குக் குழந்தை உளவியல் என்றும் கடன்பட்டிருக்கிறது. எனினும் அவருடைய அட்டவணைகளில் கேட்டவனின் மனம் மட்டுமே தெரிகிறது. அந்த ஆசிரியை எவ்வாறு பதில் அளித்தார், அந்தப் பதில் அடுத்த கேள்வியை எழுப்பியதா, அடக்கியதா என்பது அவருடைய ஆராய்ச்சியின் எல்லைக்கு வெளியே நின்றது. அதோடு, ஒரு பெரியவர் ஒரே சிறுவனுக்கு நாள்தோறும் நேரம் ஒதுக்கிக் காது கொடுத்ததால்தான் அத்தனை கேள்விகள் கிடைத்தன என்ற எளிய உண்மையும் கவனம் பெறவில்லை.

கேம்பிரிட்ஜில் ஒரு திருப்பம்

இந்த இடைவெளியை நிரப்பியது கேம்பிரிட்ஜில் 1924இல் ஜெஃப்ரி பைக் தொடங்கிய மால்ட்டிங் ஹவுஸ் பள்ளி. முதல் மூன்று ஆண்டுகள் சூசன் ஐசக்ஸ் அதை நடத்தினார். தோட்டம், விலங்குகள், தச்சுக் கருவிகள், தீயும் நீரும் பயன்படுத்தும் வாய்ப்பு எனக் குழந்தையின் கைக்கு எட்டும் பொருள்கள் அங்கே நிறைந்திருந்தன. கேள்விக்கு உடனே விடை சொல்வதைவிட, பார்த்தே கண்டுபிடிக்க வழிசெய்வது அங்கே ஆசிரியரின் பணி. பள்ளியில் வளர்த்த முயல் ஒன்று இறந்தபோது, தண்ணீரில் வைத்தால் அது மீண்டும் உயிர்பெறும் என்று ஒரு குழந்தை சொன்னது. ஐசக்ஸ் அதை மறுக்கவில்லை, செய்து பார்க்க இசைந்தார். முயல் மிதந்ததை வைத்து, உயிருள்ளது எப்படி நடந்துகொள்ளும், இறந்தது எப்படி நடந்துகொள்ளும் என்று பிள்ளைகள் தமக்குள் பேசத் தொடங்கினர். இவற்றையெல்லாம் அவ்வப்போது எழுதிவைத்த குறிப்புகளே 1930இல் இளங்குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றிய அவருடைய நூலாயின.

அந்நூலின் பின்னிணைப்பாக அவருடைய கணவர் நேதன் ஐசக்ஸ் எழுதிய கட்டுரை, குழந்தையின் ‘ஏன்’ பற்றிய சிந்தனையில் ஒரு திருப்புமுனை. குழந்தை உலகத்தைப் பற்றி ஏற்கெனவே சில எதிர்பார்ப்புகளை வைத்திருக்கிறது. கண்முன் நிகழ்வது அந்த எதிர்பார்ப்போடு முரண்படும்போது, அல்லது அதில் ஓர் ஓட்டை தெரியும்போது, ‘ஏன்’ பிறக்கிறது என்றார் அவர். நம் இலக்கணத்தின் ஐய வினாவுக்கு மிக அருகில் வரும் விளக்கம் இது. இதன்படி ‘ஏன்’ முதிராத சிந்தனையின் அறிகுறியன்று. தன் அறிவில் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்று குழந்தையே உணரும் தருணம். இதிலிருந்து வகுப்பறைக்கு ஒரு முடிவு கிடைக்கிறது. முரண்படும் பொருளே கண்ணில் படாத இடத்தில் கேள்வி எழாது. அரிச்சுவடியும் வாய்ப்பாடும் மட்டும் இருக்கும் அறையில் ஒரு குழந்தை அமைதியாக இருந்தால், அதற்கு ஆர்வம் இல்லை என்று சொல்ல நமக்கு ஆதாரம் கிடையாது. ஆர்வத்தைத் தூண்டும் எதுவும் அங்கே இல்லை என்பது மட்டுமே தெரிகிறது. பியாஜே 1927இல் அப்பள்ளியைப் பார்வையிட்டார். அவருக்கும் ஐசக்ஸ் தம்பதிக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாட்டின் உயிர்நிலை இதுதான்: கேள்வி எந்த வயதில் வருகிறது என்பதைவிட எந்தச் சூழலில் வருகிறது என்பது முதன்மையானதா?

எண்ணிப் பார்த்தவர்கள்

நிதி நெருக்கடியால் 1929இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. அது சில வசதியான, படித்த குடும்பங்களின் பிள்ளைகளைக் கொண்டது என்பதால், அதை மட்டும் வைத்துப் பொது முடிவுக்கு வர இயலாது. பரந்த சான்று, பேச்சைப் பதிவு செய்யும் கருவிகள் வளர்ந்த பிறகே கிடைத்தது. அதற்கு முன்பே 1912இல் அமெரிக்காவில் ரோமியட் ஸ்டீவன்ஸ், உயர்நிலை வகுப்புகளில் சுருக்கெழுத்தாளர்களை அமர்த்தி ஆசிரியரின் வினாக்களை எண்ணியிருந்தார். ஓர் ஆசிரியர் ஒரு நாளில் சராசரியாக 395 வினாக்கள் கேட்டார் என்பது அவர் கண்டது. அந்த வேகத்தில், மாணவர் ஒன்றை யோசித்து முடிக்குமுன் அடுத்த வினா வந்து நிற்கும். இளங்குழந்தைகளைப் பொறுத்தவரை தீர்க்கமான ஆய்வு லண்டனில் பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் செய்தது. நான்கு வயதையொட்டிய 30 சிறுமிகளின் உடையில் சிறு ஒலிவாங்கியைப் பொருத்தி, காலையில் மழலையர் பள்ளியிலும் பிற்பகலில் வீட்டில் தாயோடும் அவர்கள் பேசியதைப் பதிவு செய்தனர். 1984இல் வெளியான முடிவு இது: வீட்டில் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 26 கேள்விகள் கேட்ட அதே சிறுமிகள், பள்ளியில் கேட்டவை 2 மட்டுமே.

இந்த ஒப்பீட்டின் வலிமையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இங்கே வயது மாறவில்லை, குழந்தை மாறவில்லை, பெரும்பாலும் நாளும் மாறவில்லை. இடமும் எதிரில் இருந்தவருமே மாறினர். எனவே வயதுதான் காரணம் என்ற விளக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. அதோடு, அவர்கள் பார்த்தது கண்டிப்பான பள்ளியையன்று. விளையாட்டும் அன்பும் நிறைந்த மழலையர் பள்ளிகளை. ஆசிரியைகள் பிள்ளைகளிடம் நிறையப் பேசினார்கள், நிறையக் கேட்டார்கள். இது என்ன நிறம், எத்தனை இருக்கிறது என்ற வகையில் தமக்குத் தெரிந்ததையே அவர்கள் கேட்டதால் பிள்ளைகள் ஓரிரு சொல்லில் பதில் சொல்லி நிறுத்திக்கொண்டனர். இத்தகைய விளைவைத் தனியே ஆராய்ந்த டேவிட் வுட்டும் அவருடைய குழுவினரும், ஆசிரியர் கேள்விமேல் கேள்வி கேட்கும்போது குழந்தை தானாகப் பேச்சைத் தொடங்குவது குறைகிறது என்றும், ஆசிரியர் தம் கருத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் அது கூடுகிறது என்றும் 1980இல் எழுதினர். வீட்டில் தாய் சமைத்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ பேசும் பேச்சு பாடம் நடத்துவதில்லை; அதனாலேயே குழந்தை புகுந்து கேட்க அதில் இடம் இருக்கிறது. உழைக்கும் வர்க்க வீடுகளிலும் இந்தச் செழுமை இருந்தது என்பது அந்நூலின் முக்கியமான செய்தி. ஏழை வீடுகளில் பேச்சு வறண்டிருக்கிறது, பள்ளிதான் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நம்பியிருந்த அன்றைய கல்விக் கொள்கைக்கு அது நேரடியான மறுப்பு.

கேள்வி அறிவுக்காகத்தான் கேட்கப்படுகிறதா என்ற ஐயத்தையும் பிற்கால ஆய்வுகள் தீர்த்தன. 2007இல் மிஷல் ஷூயினார்ட், நான்கு குழந்தைகளின் நெடுங்காலப் பேச்சுப் பதிவுகளில் இருந்த 24,000க்கும் மேற்பட்ட கேள்விகளைப் பகுத்தார். பெரியவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அக்குழந்தைகள் தகவல் தேடிக் கேட்டவை மட்டும் மணிக்குச் சராசரியாக 76. கவனத்தை ஈர்ப்பதற்காகவே குழந்தை கேட்கிறது என்றால் எந்தப் பதில் கிடைத்தாலும் அது நிறைவடைய வேண்டும். அப்படி நடக்கவில்லை. 2009இல் ஃபிரேசியர், கெல்மன், வெல்மன் ஆகியோர் செய்த ஆய்வில், விளக்கம் கிடைத்தபோது குழந்தைகள் அதை ஏற்றனர் அல்லது அதையொட்டி மேலும் கேட்டனர். விளக்கமாக அமையாத பதில் கிடைத்தபோது அதே கேள்வியை மீண்டும் கேட்டனர் அல்லது தாமே ஒரு விளக்கத்தைச் சொல்லிப் பார்த்தனர். பதிலின் தரத்தை எடைபோடும் திறன் பள்ளிக்கு வருமுன்பே குழந்தைக்கு இருக்கிறது.

வயது ஏற ஏறக் கேட்கும் திறன் மங்குகிறதா என்றால், சான்று நேர்மாறாக இருக்கிறது. ஜெரோம் புரூனரும் அவருடைய குழுவினரும் 1966இல் வெளியிட்ட நூலில் மோஷர், ஹார்ன்ஸ்பி ஆகிய இருவரின் ஓர் ஆய்வு உண்டு. படங்களுள் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொண்டு, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விகளால் அதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஆறு வயதினர் ஒவ்வொரு படமாகச் சுட்டி இதுவா இதுவா என்று கேட்டனர். எட்டும் பதினொன்றும் ஆன பிள்ளைகள், உயிருள்ளதா, கருவியா என்பதுபோல ஒரே கேள்வியில் பலவற்றை விலக்கும் வழியைக் கற்றிருந்தனர். ஆக, தொடக்கப் பள்ளி ஆண்டுகளில் கேட்கும் திறன் கூர்மையடைகிறது. ஆனால் வகுப்பறையில் அதைப் பயன்படுத்துவது குறைகிறது. அமெரிக்கப் பள்ளிகளைக் கவனித்து சூசன் எங்கல் 2011இல் எழுதியபடி, மழலையர் வகுப்பில் இரண்டு மணி நேரத்தில் சராசரியாக 2.36 ஆர்வ நிகழ்வுகளே இருந்தன. ஐந்தாம் வகுப்பில் அது 0.48. திறன் ஏறும்போது செயல் இறங்குகிறது என்றால், குறை குழந்தையின் வளர்ச்சியில் இல்லை.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு, எண்ணிக்கை பற்றியது. ஒரு தாய் ஒரு குழந்தையோடு பேசுவதையும், ஓர் ஆசிரியர் 30, 40 பிள்ளைகளோடு பேசுவதையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், மணிக்கு 26 என்ற எண்ணை எந்த வகுப்பறையும் எட்டாது, எட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் பூச்சியத்துக்கும் அருகில் தங்கிவிட வேண்டும் என்ற விதியும் கிடையாது. 1970களில் அமெரிக்கத் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டபின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டப் பயிற்சி தந்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, மந்தமானவர் என்று கருதப்பட்டவர்களும் பேசினர், பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் கூடின. ஒவ்வொரு பதிலுக்கும் உடனுக்குடன் ‘சரி, நன்று’ என்று பாராட்டுவதும் தேடலைச் சுருக்குகிறது என்று அவர் கவனித்தார். வகுப்பின் அளவு மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை. இரண்டு நொடிகள் மட்டுமே கூடின. பெருவகுப்பு ஒரு தடை என்பது உண்மை. முழுத் தடையும் அதுவே என்று சொல்ல இந்தச் சான்று இடம் தரவில்லை.

இரண்டாவது மறுப்பு, பண்பாடு பற்றியது. கேள்வி கேட்பதை அறிவின் அடையாளமாகக் கொள்வது மேற்கத்திய நடுத்தர வர்க்க வழக்கம். பெரியவரிடம் துருவித் துருவிக் கேட்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று கண்டிக்கும் சமூகங்களிலும் பிள்ளைகள் அறிவோடுதான் வளர்கிறார்கள் என்று வாதிடலாம். இதற்குச் சான்றும் உண்டு. மேரி கோவேனும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, பெலீஸ், கென்யா, நேபாளம், சமோவா ஆகிய நான்கு இடங்களில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பேச்சை ஒப்பிட்டது. தகவல் தேடும் கேள்விகள் எல்லா இடங்களிலும் இருந்தன. ஆனால் ‘ஏன்’ என்று விளக்கம் கேட்பவை அமெரிக்கப் பதிவுகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இம்முடிவு இக்கட்டுரையின் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை. கேள்வியின் வகையும் அளவும் சூழலைப் பொறுத்தவை என்பதை அது உலக அளவில் உறுதிப்படுத்துகிறது. மேலும் ஒன்றைச் சேர்த்துச் சிந்திக்க வேண்டும். தறியடியிலும் வயலிலும் பெரியவரோடு கூட இருந்து கற்கும் பிள்ளைக்குக் கண்ணும் கையுமே கேட்கின்றன. நூல் அறுந்தால் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தே அது விடையைப் பெற்றுவிடும். பள்ளி கற்பிப்பவையோ பெரும்பாலும் கண்முன் இல்லாதவை: தொலைதூர நாடுகள், பழைய காலங்கள், எண்களின் பண்புகள், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். பார்த்துக் கற்கும் வழியை மூடிவிட்டு, கேட்டுக் கற்கும் வழியையும் திறக்காமல் இருந்தால் குழந்தைக்கு மனப்பாடம் ஒன்றே மிஞ்சும். பெரியவரைக் கண்டு பின்வாங்கும் பழக்கத்தோடு வரும் பிள்ளைகள் உள்ள சமூகத்தில், கேட்பதற்குப் பள்ளியே இடம் உண்டாக்கித் தரும் கடமை இன்னும் கூடுகிறது.

மூன்றாவது மறுப்பு, அறிவு முன்னால் வர வேண்டும் என்பது. எதுவும் தெரியாதவரால் கேட்கவும் முடியாது. எனவே முதலில் கற்பிப்போம், கேள்வி பிறகு வரட்டும் என்பது இதன் சாரம். மியாக்கேயும் நார்மனும் 1979இல் காட்டியபடி, கடினமான பாடத்தை எதிர்கொண்ட புதியவர்கள் அதைப் பற்றிக் குறைவாகவே கேட்டனர். தமக்கு என்ன தெரியவில்லை என்பதை அறிவதற்கே ஓரளவு அறிவு தேவைப்படுகிறது. இம்மறுப்பின் முதற்பாதி முற்றிலும் சரி. நேதன் ஐசக்ஸின் கருத்தும் அதுதான்: எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் முரண் தெரியாது. இரண்டாம் பாதிதான் தவறு. ஆறு வயதுக் குழந்தை வெறும் மனத்தோடு பள்ளிக்கு வருவதில்லை. மழை, எறும்பு, நிழல், கடைவீதி, பிறப்பு, இறப்பு ஆகியவை பற்றி ஏராளமான எதிர்பார்ப்புகளோடும் அவற்றைச் சொல்லத் தன் வீட்டு மொழியோடும் வருகிறது. பாடம் அந்த அறிவைத் தொட்டுத் தொடங்கினால் கேள்வி முதல் நாளிலேயே எழும். தொடாமல், குழந்தைக்குப் பழகாத மொழியிலும் பழகாத பொருளிலும் தொடங்கினால், மியாக்கே, நார்மன் கண்ட புதியவரின் மௌனத்தை நாமே அதற்கு உண்டாக்கிவிடுகிறோம்.

இந்திய முயற்சிகள்

அரசுப் பள்ளியில் இதற்கெல்லாம் இடம் உண்டா என்ற கேள்விக்கு இந்திய வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதியும் ரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையமும் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், செய்து பார்த்தலையும் கேள்வி கேட்டலையும் பாடத்தின் மையத்தில் வைத்தது. பின்னர் ஏகலவ்யா நிறுவனம் 1982 முதல் அதை முன்னெடுத்துச் சென்றது. பிள்ளைகள் தங்கள் கேள்விகளை எழுதி அனுப்ப ‘சவாலிராம்’ என்ற கற்பனைப் பாத்திரம் படைக்கப்பட்டது. தேர்விலும் புத்தகத்தைப் பார்த்து எழுத அனுமதி இருந்தது. இந்தக் கடைசிச் செய்தி சிறியதல்ல. 1862 முதல் அறிவு வினாவுக்கு அதிகாரம் கொடுத்து வந்தது தேர்வுதான் என்றால், தேர்வைத் தொடாமல் வகுப்பறையின் வினாமுறையை மாற்ற முடியாது என்பதை அத்திட்டத்தினர் உணர்ந்திருந்தனர். 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. ஆனால் முப்பது ஆண்டுகள், எளிய கிராமப் பள்ளிகளில், சாதாரண அரசு ஆசிரியர்களைக் கொண்டு அது நடந்தது என்பது வரலாற்றில் நிற்கும் சான்று.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவடைந்த செயல்வழிக் கற்றல் வேறொரு திசையில் முக்கியமானது. ரிஷி பள்ளத்தாக்கின் கிராமப் பள்ளி அனுபவத்திலிருந்து கற்றல் ஏணியையும் அட்டைகளையும் அது எடுத்துக்கொண்டது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் பிள்ளைகளோடு அமர்ந்தார். கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. ஒவ்வொருவரும் தம் வேகத்தில் முன்னேறலாம் என்ற உரிமை கிடைத்தது. பிள்ளைகளின் அச்சம் குறைய இது செய்த பணி பெரிது. எனினும் ஏணியின் ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே வகுத்தவர் பெரியவர்தான். அடுத்த அட்டை எது என்பது குழந்தைக்குத் தெரிந்திருந்தது. தன் கேள்வியால் ஓர் அட்டையை உண்டாக்கும் வழி அதற்கு இருக்கவில்லை. இங்கிலாந்தில் 1970களின் பிற்பகுதியில் நடந்த ஆரக்கிள் ஆய்வும் இதற்கு இணையான ஒன்றைக் கண்டது. மேசைகள் வட்டமாகப் போடப்பட்டு, பிள்ளைகள் குழுவாக அமர்ந்த பின்னரும் ஆசிரியரின் பேச்சில் பெரும்பகுதி வேலையை ஏவுவதாகவும் விவரம் சொல்வதாகவுமே இருந்தது. இருக்கை மாறினால் வினா மாறிவிடாது என்பதே இவ்விரு வரலாறுகளும் தரும் பாடம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 29ஆம் பிரிவில், செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் கற்பதையும், குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்வதையும் பாடத்திட்டத்தின் நெறிகளாக வைத்திருக்கிறது. அறியா வினா இன்று ஆசிரியரின் பெருந்தன்மையைப் பொறுத்த ஒன்றாக இல்லை. சட்டத்தின் எழுத்துக்கும் அது உரியது.

முடிவுரை

எழும்பூரிலிருந்து ஜெனீவா, கேம்பிரிட்ஜ், லண்டன், ஹோஷங்காபாத் என்று நீளும் இவ்வரலாறு ஒரு தெளிவான முடிவுக்கு இட்டுச் செல்கிறது. குழந்தை கேட்பதற்கு நான்கு வேண்டும்: முரண்படக்கூடிய ஏதோ ஒன்று கண்முன் இருக்க வேண்டும், யோசிக்க நேரம் வேண்டும், கேட்பதைச் சொல்லக் கைவந்த மொழி வேண்டும், பொய்யாகச் சமாளிக்காமல் விளக்கம் தரும் அல்லது தனக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கூடத் தேடும் ஒரு பெரியவர் வேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. பெருந்தடையாக நிற்பது, கேட்பது ஆசிரியர் வேலை, சொல்வது மாணவர் வேலை என்று இருநூறு ஆண்டுகளாக உறைந்துபோன ஏற்பாடும், அதைக் காத்து நிற்கும் தேர்வும்தான்.

அறிவு வினாவை விலக்க வேண்டும் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. கற்றது நிலைத்ததா என்று பார்க்க அது தேவை. நன்னூலும் அதை வினா வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. ஆறில் ஒன்றாக இருக்க வேண்டியது, வகுப்பறை முழுவதையும் ஆள்வதுதான் குறை. பள்ளியைப் பார்வையிடும் அதிகாரி இதுவரை பிள்ளைகள் எத்தனை கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறார்கள் என்று குறித்துச் சென்றிருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் தாமாகக் கேட்டவை எத்தனை, அவற்றுள் எத்தனைக்கு விளக்கம் கிடைத்தது, எத்தனை மேலும் ஒரு கேள்வியாக வளர்ந்தன என்பதையும் சேர்த்துக் குறிக்கத் தொடங்கினால், ஆசிரியரின் முயற்சி எங்கே செல்ல வேண்டும் என்பது அவருக்கும் துறைக்கும் விளங்கும். குழந்தைகள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை. வீட்டில் அவர்கள் இன்றும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். பள்ளியிலும் கேட்கச் செய்வது நம் பொறுப்பு.